திருப்பித் தைத்த காலர்

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குக் கிழிசல் என்று பெயர். வயதில் சின்னவர்கள் கிழிசல் அண்ணே என்பார்கள். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்.

வேலை, நல்ல துணியைக் கெட்ட துணியாக்குவது. கடையிலிருந்து புதுச் சட்டை வரும். அரை மணி நேரத்தில் அதற்குப் பத்து வயது ஏற்றித் தர வேண்டும். அதற்கென்றே காஸ்ட்யூம் அறையின் கோடியில், ஜன்னலை ஒட்டி, அவருக்கு ஒரு மேஜை. மேஜை மேல் உப்புத்தாள், கம்பி பிரஷ், நுரைக்கல், காய்கறி துருவி, ஒரு வாளி நிறைய ஆறிப்போன டீத்தண்ணீர். முதல்முறை உள்ளே வருகிறவர்கள், யாரோ சமைத்துக்கொண்டிருந்து பாதியில் எழுந்து போய்விட்டதாக நினைப்பார்கள்.

கிழிப்பதில் மூன்று தரம் வைத்திருந்தார். ஒன்றாம் நம்பர் என்றால் அந்தக் குடும்பத்துக்குக் கஷ்டம் இப்போதுதான் வந்திருக்கிறது. நிறம் கொஞ்சம் மங்கும், முழங்கை லேசாகத் தேயும். இரண்டாம் நம்பர் என்றால் வந்த கஷ்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பை ஓரம் பிரியும், ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். மூன்றாம் நம்பர், இடைவேளைக்குப் பிறகு. அதில் தோளில் ஓர் ஒட்டுத்துணி கட்டாயம். எந்தத் தோள் என்பது கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

இருபத்தாறு வருடங்களில் அவர் கை படாத ஏழைகள் திரையில் குறைவு. மூட்டை தூக்கியவர்கள், மூட்டை தூக்கி முன்னேறியவர்கள், முன்னேறிய பிறகு பழசை நினைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த ஜன்னல் மேஜையைத் தாண்டித்தான் போனார்கள். பணக்காரர்களின் துணி வேறு அறையில் தயாரானது. அந்த அறைக்கு ஏ.சி. உண்டு. துணிக்காக என்று சொன்னார்கள்.

வீட்டில் அவர் வேறு ஆள். காலையில் இஸ்திரி போடாமல் வாசல் தாண்ட மாட்டார். நான்கு சட்டைகள்தான், ஆனால் நான்கும் விறைப்பாக நிற்கும். அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அவரை ஏதோ அலுவலகத்தில் எழுத்தர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. அவர் மனைவிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆல்ட்டர் கடையில் வேலை. அடுத்தவர் பேண்ட்டைச் சுருக்குவது, சொந்தக்காரர் பெருத்துவிட்டால் அதையே பிரித்து விடுவது. "நீங்க கிழிங்க, நான் தைக்கிறேன். நல்ல குடும்பம்" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவார்.

இவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா. பாப்பா அந்த வருடம் இலக்கியத்தில் பட்டம் வாங்கினாள். இரண்டு பக்கத்து உறவுகளையும் எவ்வளவு தூரம் நோண்டிப் பார்த்தாலும் அவளுக்கு முன்னால் கல்லூரிக்குள் போனவர் என்றால், கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் போன ஒரு சித்தப்பா மட்டும்தான். அதுவரை அந்த வீட்டில் பட்டம் என்று இருந்தது அப்பாவின் பட்டப்பெயர் ஒன்றே.

கடைசி வருடத்தில் அவள் எழுதிக் கொடுத்த ஆய்வு, கதைகளில் வசதி இருப்பவர்களும் இல்லாதவர்களும் எப்படி வருகிறார்கள் என்பதைப் பற்றியது. எண்பது பக்கம். அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அவர் பின்னால் நின்று கேட்டார்:

"புத்தகத்துல இல்லாதவன் என்ன போட்டிருக்கான் பாப்பா?"

"கிழிஞ்சதுதான்பா."

"அங்க கிழிக்கிறது யாரு?"

"எழுதுறவங்கதான்."

"அவங்களுக்குத் தனியா மேஜை இருக்குமோ?" என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பட்டமளிப்பு விழா சனிக்கிழமை. வீட்டுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள். சீட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டுப் பாப்பா போகாமல் நின்றாள். காற்றாடியின் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள்.

"அப்பா, என் ஃப்ரெண்ட்ஸ்ங்க வருவாங்க. அவங்க வீட்டுலேருந்தும் வருவாங்க."

"வரட்டுமே."

"நீங்க சினிமாவுல காஸ்ட்யூம் டிசைனர்னு சொல்லியிருக்கேன்."

அவர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். பின்பக்கத்தில் வாகனம் நிறுத்துமிடத்தின் படம் இருந்தது.

"கிழிக்கிறேன்னு சொல்ல மாட்டேன். போதுமா?"

"நான் அதுக்குச் சொல்லலப்பா."

"அதுக்குத்தான் சொன்ன. தப்பில்ல."

தப்பில்லை என்றாரே தவிர, அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்ற அப்பாக்களுக்கு இல்லாத சங்கடம் அவருக்கு. ஒரு மனிதன் உள்ளே நுழைந்ததும் எதிரே இருப்பவன் கண் எங்கே போகும், காலரில் எதைப் பார்க்கும், கைப்பட்டியில் எதைப் பார்க்கும், பார்த்துவிட்டு எந்தத் தரத்தில் வைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் சாப்பிடுகிறார். அந்த அரங்கத்தில் ஒருவர் கண்ணுக்கும் தன் வீட்டு நிலவரம் தெரியக்கூடாது. தன்னால் பாப்பாவின் வார்த்தை பொய்யாகக் கூடாது. வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வாரம் தளத்தில் ஓடிக்கொண்டிருந்த படமும் இருப்பவர், இல்லாதவர் கதைதான். ஒரு சுவர். இந்தப் பக்கம் குடிசைகள், அந்தப் பக்கம் மாளிகை. ஒட்டுப்பலகையில் செய்த சுவர். ஒருநாள் காற்றடித்து அது விழுந்தபோது இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கேனில் டீ குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இயக்குநர் இளைஞர், படித்தவர், தங்கமான மனிதர். ஏற்றத்தாழ்வைப் பற்றி வந்த புத்தகங்களை எல்லாம் படித்து வரிக்கு வரி கோடு போட்டு வைத்திருந்தார். சில பக்கங்களில் கோடு போடாத வரியைத்தான் தேட வேண்டும்.

படத்தில் கடைசிக் காட்சி, காவலாளியின் மகள் பட்டம் வாங்குகிறாள். காவலாளி அரங்கத்துக்கு வருகிறார். அதற்கு ஒரே மாதிரி மூன்று வெள்ளைச் சட்டைகள் வேண்டும், மழையில் நனைந்தாலும் கறைபட்டாலும் மாற்றிக்கொள்ள. கிழிசல் அண்ணன் கடைக்குப் போய் நான்கு வாங்கினார். நான்காவது தன் கைக்காசில், தனக்கு. நடிகருக்கும் அவருக்கும் ஒரே அளவு. காட்சியும் ஒரே காட்சி. கடைக்காரர் நான்கையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்.

மூன்றில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்து ஒரு வேலை செய்து வாங்கி, வியாழக்கிழமை காலை இயக்குநரிடம் காட்டினார். இயக்குநர் சட்டையை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, மூணாம் நம்பர்தானே கேட்டேன்? இது நல்லா இருக்கே."

"காலரைப் பாருங்க சார்."

"காலருக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?"

"திருப்பித் தைச்சது சார்."

இயக்குநருக்குப் புரியவில்லை. அண்ணன் விளக்கினார். கழுத்தில் உரசி உரசிச் சட்டையில் முதலில் போவது காலர் மடிப்பு. மற்றதெல்லாம் திடமாக இருக்கும், காலர் மட்டும் பல்லிளிக்கும். அப்போது காலரைப் பிரித்து, பிய்ந்த பக்கம் அடியில் போகிற மாதிரி புரட்டி, மறுபடி தைத்துவிடுவார்கள். இன்னும் மூன்று வருடம் வரும்.

"அந்தக் காவலாளி பொண்ணு பட்டம் வாங்குற இடத்துக்குக் கிழிசலோட போக மாட்டாரு சார். எது இருக்கோ இல்லையோ, காலரைத் திருப்பித் தைச்சுப் போட்டுக்கிட்டுத்தான் போவாரு."

இயக்குநர் சட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். உண்மையாகவே தேடினார்.

"ஆனா பார்க்கிறவங்களுக்குத் தெரியாதே அண்ணே?"

"தெரியக் கூடாதுன்னுதானே சார் திருப்புறது."

"அப்ப அவர் ஏழைன்னு எப்படித் தெரியும்?"

அண்ணன் சட்டையை வாங்கி மடித்தார். இயக்குநர் அவர் தோளில் கை வைத்து, "உங்க ஃபீலிங் புரியுது அண்ணே. எனக்குக் கடைசி வரிசைக்கும் புரியணும். வலது தோள்ல ஒட்டு. கொஞ்சம் பெருசாவே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் ஜன்னல் மேஜைக்கு வந்தார். கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் சாப்பிட மாட்டார்கள். அவருக்குக் கோபம் வந்தால் வேலை சுத்தமாக வரும். மனைவி திருப்பித் தைத்த காலரைத் துருவியில் தேய்த்தார். பையிலிருந்து அடுத்ததை எடுத்தார், தோளைப் பிளந்தார், பழுப்புத் துணியில் ஒட்டுப் போட்டார், வாளியில் முக்கினார். அடுத்ததை எடுத்தார். கை தன்பாட்டுக்கு ஓடியது, பையில் இருப்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் நின்றது. கொடியில் காயப்போட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தார். அவ்வளவு நேர்த்தியான மூன்றாம் நம்பரை அவரே செய்து பார்த்ததில்லை.

கொடியில் நான்கு சட்டைகள் தொங்கின.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், கோத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"உங்க சட்டையவே கிழிச்சிட்டீங்களா?"

"வேணும்னா கிழிச்சேன்?"

"மூணுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"ஒரே பையில இருந்துச்சு."

"நல்லவேளை, போட்டிருந்த சட்டை தப்பிச்சுதே. அதையும் கழட்டி முக்கியிருப்பீங்க."

மாதக் கடைசி. இன்னொரு சட்டை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. இருந்த நான்கும் தினமும் உடுத்தி உழைத்தவை. மனைவி பெட்டியின் அடியிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்தார். துணி கெட்டி, தையல் கெட்டி, காலர் மட்டும் போய் ஒதுக்கி வைத்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு பிளேடால் காலரைப் பிரிக்க ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் போட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் கண்ணாடி முன் நின்றார்.

"கலர் தெரியுது" என்றார்.

உண்மைதான். வெயில் படாமல் உள்ளேயே கிடந்த பக்கம் இப்போது வெளியே வந்ததால், சட்டை வெளிர்நீலமாகவும் காலர் மட்டும் கருநீலமாகவும் இருந்தது. தெரிந்தவன் ஒருவன் பார்த்தால் போதும்.

"அவ்வளவு உத்துப் பார்க்கிறவன் எவன் இருக்கான்?"

"நான் பார்ப்பேன்ல?"

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன், அவர் தன் பையிலிருந்து ஆகக் குறைந்த சொரசொரப்புள்ள உப்புத்தாளை எடுத்தார். காலரை நனைத்து, ஈரம் காயும் முன், ஒரே திசையில், குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி தேய்த்தார். பத்துத் தடவை தேய்ப்பது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, மறுபடி பத்து. காலர் மெல்ல மெல்ல இறங்கி வந்து சட்டையோடு சேர்ந்துகொண்டது. இருபத்தாறு வருடமாக இல்லாமையைத் துணியில் ஏற்றிய கை, அன்றுதான் முதல்முறையாக அதை இறக்கியது. மனைவி வந்து பார்த்தார். காலரைத் தடவினார்.

"இது என்ன நம்பர்?"

"இதுக்கு நம்பர் கிடையாது."

சனிக்கிழமை அரங்கத்தில் எட்டாவது வரிசை. மேடையில் பட்டம் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கறுப்பு அங்கி, ஒரே மாதிரி தொப்பி. யார் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவரால்கூடச் சொல்ல முடியவில்லை. தன் தொழிலில் பார்த்ததிலேயே சிறந்த காஸ்ட்யூம் அதுதான் என்று தோன்றியது. மாலை நான்கு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

பாப்பாவின் பெயரை வாசித்தார்கள். அவள் நடந்தாள், வாங்கினாள், இறங்கினாள். கண் இமைக்கும் நேரம். மனைவி கை தட்ட மறந்துவிட்டு அடுத்த பெண்ணுக்குத் தட்டினார்.

அதன்பின் அவர் வழக்கம்போல முன் வரிசைகளின் காலர்களைப் பார்க்கத் தொடங்கினார். பழக்கம், விடாது. ஒன்று. ஏழாவது வரிசையில் ஓரமாக இரண்டு. அதோ, தூணுக்குப் பக்கத்தில். எண்ணிப் பார்த்ததில் ஒன்பது திருப்பிய காலர்கள். பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பத்து. பழுப்புச் சட்டை, அதைவிட ஒரு பிடி அழுத்தமான காலர். அந்த மனிதர் பார்வையை உணர்ந்துவிட்டார். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அண்ணன் தன் காலர் முனையைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். பிய்ந்த மடிப்பு அங்கே பத்திரமாக இருந்தது.

பழுப்புச் சட்டைக்காரர் குனிந்து பார்த்தார்.

"அட! கலரே தெரியலயே?"

"உப்புத்தாள். ரொம்ப நைஸ் தாள். ஈரமா இருக்கும்போதே தேய்க்கணும்."

"தைச்சது?"

"வீட்டுல."

"நல்ல கை" என்றார் அவர், அண்ணனைத் தாண்டி மனைவிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு. "என்னோடது நானே தைச்சது. கண்ணு முன்ன மாதிரி இல்ல. உங்களுக்குப் பையனா?"

"பொண்ணு. இலக்கியம்."

"எனக்குப் பையன். கணக்கு."

இருவரும் மேடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே படிக்கட்டில் பாப்பாவின் தோழி குடும்பத்தோடு நின்றாள். அவள் அப்பாவுக்கு மூன்று தொழிற்சாலைகள். கசங்கிய சட்டை, நான்கு நாள் தாடி, குதிகால் தேய்ந்த செருப்பு. நல்ல இரண்டாம் நம்பர் என்று அண்ணன் மனதுக்குள் தரம் போட்டுவிட்டு, பிறகு செருப்பின் வாரில் இருந்த முத்திரையைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.

"இவர்தான் எங்க அப்பா" என்றாள் பாப்பா. குரல் லேசாக மேலே போனது.

தோழியின் அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்தப் பார்வை எங்கெங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். காலர். நின்றது. நகர்ந்தது. கைப்பட்டி. நகர்ந்தது.

"டிசைனர்னு சொன்னா. எவ்வளவு சிம்பிளா இருக்கார் பாருங்க. பெரிய ஆளுங்களே இப்படித்தான்."

"ரொம்பப் பெரிய ஆளுங்க" என்று மனைவி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஹீரோவுக்கெல்லாம் நீங்கதானா சார்?" என்றார் தொழிற்சாலைக்காரர்.

"இல்ல சார். ஹீரோவோட அப்பாவுக்கு."

"அப்பாவுக்கு என்ன பெருசா டிசைன் இருக்கும்?"

"தோள்ல கொஞ்சம் வேலை இருக்கும் சார்."

பாப்பா மூக்கு வழியாகச் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்படியே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அங்கியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவரை விடவில்லை. யாரோ எல்லோரையும் படிக்கட்டில் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பழுப்புச் சட்டைக்காரரும் மகனோடு வந்து ஓரத்தில் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை தளத்தில், இயக்குநர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் நேரம் பார்த்து, அண்ணன் போனை நீட்டினார்.

"சார், பட்டமளிப்பு விழா. அப்பா, அம்மாவெல்லாம் நிக்கிறாங்க. இதுல இல்லாதவங்க யாருன்னு பார்த்துச் சொல்லுங்க."

இயக்குநர் ஆர்வமாக வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஒவ்வொரு முகமாக, பொறுப்பாகப் பார்த்தார். பழுப்புச் சட்டையைத் தாண்டினார். நீலச் சட்டைக்கு வந்ததும் நின்றார்.

"இது நீங்கதானே? அண்ணே, சூப்பரா இருக்கீங்க. எந்தக் கடை?"

"பழைய கடை சார்."

இயக்குநர் விரலை நகர்த்தி, தொழிற்சாலைக்காரர் மேல் நிறுத்தினார். தாடியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். முகம் இளகியது.

"பாவம் அண்ணே. இந்த மனுஷன் கண்ணுல பாருங்க, எவ்வளவு வலி. இதைத்தான் நான் எடுக்கணும்."

"ஆமா சார்" என்றார் அண்ணன். போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டே எட்டில் மேஜைக்கு வந்துவிட்டார். அன்று மத்தியானம் அவர் விசிலடித்துக்கொண்டே கிழித்ததாகக் காஸ்ட்யூம் அறையில் பேசிக்கொண்டார்கள்.

படம் நான்கு மாதம் கழித்து வந்தது. மூவரும் போனார்கள். கடைசிக் காட்சியில் காவலாளி அரங்கத்துக்குள் நுழைந்தார். மழைக் காட்சி எடுத்ததில் மூன்று சட்டைகளும் வீணாகி, அன்று நான்காவதைத்தான் போட்டிருந்தார். அண்ணன் அதை வீட்டிலும் சொல்லியிருந்தார். திரையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தியேட்டரில் கடைசி வரிசை வரை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மனைவி இருட்டில் அவர் பக்கம் சாய்ந்தார்.

"அது நீங்க பாப்பா விழாவுக்கு வாங்கின சட்டைதானே?"

"அதேதான்."

"எப்படியோ அதுவும் விழாவுக்குப் போயிடுச்சு. தோள்ல என்னங்க அது, அவ்வளவு பெருசா?"

"அதுதான் ஏழை" என்றார் அவர்.